ஊட்டிக்கு குடும்பத்தோட லீவு டிரிப்: பேக்கிங், தயாரிப்பு பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

பசங்களுக்கு முழுப் பரீட்சை முடியுற நேரம் வந்தா எங்க சொந்தத்துலயும் பக்கத்து வீடுகள்லயும் எல்லாரும் என்கிட்ட ஒரே மாதிரி சந்தேகம் கேப்பாங்க. முக்காவாசி பேர் சென்னைல இருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ்ல மேட்டுப்பாளையம் போய் அங்கிருந்து ஊட்டி ஏறுறவங்க, கூட தாத்தா பாட்டி, ரெண்டு பசங்க. அதனால அந்தப் பயணத்தையே வச்சு, அவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு பதில் எழுதிருக்கேன்.

அக்கா, மே மாசம் போறோம், எப்போல இருந்து ரெடி ஆக ஆரம்பிக்கணும்?

டிக்கெட்ல இருந்து. ரயில்வேல இப்போ 60 நாளைக்கு முன்னாடிதான் புக்கிங் திறக்குது, முன்ன 120 நாளா இருந்தது, 2024 நவம்பர்ல மாத்திட்டாங்க. மே 10 கிளம்பணும்னா மார்ச் 11 காலைல 8 மணிக்கு மொபைல் கையில இருக்கணும். சீசன்ல நீலகிரி எக்ஸ்பிரஸ் ரொம்ப சீக்கிரம் நிரம்பிடும், அதனால ஐஆர்சிடிசி ஐடில ஆதார் வெரிஃபை பண்றது, கூட வர்றவங்க பேர் வயசெல்லாம் அதே ஐடில இருக்குற மாஸ்டர் லிஸ்ட்ல ஏத்தி வைக்கிறது ரெண்டையும் ஒரு வாரம் முன்னாடியே முடிச்சிடுங்க. ஆதார் வெரிஃபை ஆன ஐடிக்குத்தான் திறக்குற நேரத்துல வழி விடுறாங்க.

டிக்கெட் கையில வந்ததும் ரூம், அப்புறம் பொம்மை ரயில் சீட்டு, அதாவது மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி ஏறுற சின்ன மலை ரயில். துணிமணிக்கு கிளம்புறதுக்கு பத்து நாள் முன்னாடி யோசிச்சா போதும், அதுக்கு முன்ன பெட்டிய இறக்கினா வீடு பூரா இறைஞ்சு கிடக்கும், தினமும் எதையாவது வெளிய எடுத்துட்டே இருப்பீங்க.

சின்னவனுக்கு நாலரை வயசு, பெரியவளுக்கு எட்டு, மாமனார் மாமியாருக்கு லோயர் பெர்த் வேணும், எப்படி டிக்கெட் போடுறது?

அஞ்சு வயசுக்குள்ள இருக்குற குழந்தைக்கு தனி பெர்த் வேண்டாம்னா டிக்கெட்டே வேண்டாம். அஞ்சுல இருந்து பன்னெண்டுக்குள்ளன்னா பெர்த் கேட்டா முழு டிக்கெட், பெர்த் வேண்டாம்னா அரை டிக்கெட். ராத்திரி வண்டி, எட்டு வயசுப் பொண்ணுக்கு பெர்த் போட்டுடுங்க, ஒரே பெர்த்ல ரெண்டு பேர் ஒடுங்கிப் படுத்துட்டு விடிய விடிய முழிச்சிருந்தா அடுத்த நாள் மலை ஏறும்போது எல்லாருக்கும் எரிச்சல்தான் வரும்.

பெரியவங்க விஷயம் நிறைய பேருக்கு தெரியல. சீனியர் சிட்டிசன் கோட்டாவுல லோயர் பெர்த் கிடைக்க ஆம்பளைக்கு 60, பொம்பளைக்கு 45 வயசு ஆகிருக்கணும், அதோட அவங்க ஒருத்தராவோ ரெண்டு பேராவோ தனி டிக்கெட்ல போகணும். ஆறு பேரையும் ஒரே டிக்கெட்ல போட்டா அந்தக் கோட்டா வராது, காலியா இருந்தா கிடைக்கும் அவ்வளவுதான். தனியா போட்டா வேற கோச்சுல விழ வாய்ப்பு இருக்கு, அப்போ உங்க டிக்கெட்ல இருந்து ஒருத்தர் அங்க மாறிப் படுக்க முடியுமான்னு முதல்லயே வீட்ல பேசி வச்சுக்கோங்க. கட்டணச் சலுகை மட்டும் எதிர்பாக்காதீங்க, 2020 மார்ச்ல நிறுத்தினது.

எனக்கு எல்லாம் மனசுலயே இருக்கு, லிஸ்டெல்லாம் எழுதணுமா?

எழுதணும். இந்தப் பக்கத்துல ஒரே ஒரு விஷயம் மட்டும் எடுத்துக்குவீங்கன்னா இதையே எடுத்துக்கோங்க. மனசுல இருக்குற லிஸ்ட்ட வேற யாரும் பாக்க முடியாது, அதனால வேற யாரும் உதவியும் பண்ண முடியாது. வீட்ல எல்லாரும் "என்ன செய்யணும் சொல்லு செய்றேன்"னு சொல்லிட்டு உக்காந்திருப்பாங்க, சொல்றதுக்கு அம்மாவுக்கு நேரம் இருக்காது, கடைசி நாள் ராத்திரி அம்மா மட்டும் பன்னெண்டு மணி வரைக்கும் மடிச்சிட்டு இருப்பாங்க. பல வீட்ல பயணம்னா அம்மாவுக்கு காய்ச்சல் வர மாதிரி இருக்குறதுக்கு இதுதான் காரணம்னு நான் உறுதியா நம்புறேன்.

ஒரு பெரிய தாள், ஃபிரிட்ஜ் மேல ஒட்டுங்க, பக்கத்துல பேனா கட்டி தொங்க விடுங்க. ஒவ்வொரு பொருளுக்கு எதிர்லயும் ஒரு பேர் இருக்கணும். சார்ஜர் எல்லாம் அப்பா, மாத்திரை தாத்தா, சோப்பு பேஸ்ட் சீப்பு பெரியவ, சாப்பாட்டுப் பை அம்மா. பேர் இல்லாத பொருள் கண்டிப்பா வீட்லயே தங்கிடும். அதுல ரெண்டு விதமா டிக் போடுங்க, வாங்கியாச்சு எடுத்து வச்சாச்சுன்னா ஒண்ணு, பெட்டிக்குள்ள போயாச்சுன்னா இன்னொண்ணு, ஏன்னா எடுத்து வச்சு கட்டில் மேலயே விட்டுட்டுப் போற பொருள்தான் அதிகம்.

வாட்ஸப் குரூப்ல போட்டா ஆகாதான்னு கேக்குறாங்க. ஆகும், ஆனா குட் மார்னிங் படங்களுக்கு நடுவுல லிஸ்ட் மேல போயிடும், தாத்தா பாட்டி தேட மாட்டாங்க. தாள்தான் நல்லது, கிளம்புற அன்னிக்கு அதை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

மூணு ராத்திரி தங்குறோம், ஆளுக்கு எத்தனை செட் டிரஸ்?

போட்டுட்டுப் போறத விட்டுட்டு ஒரு நாளைக்கு ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணு. சின்னப் பசங்களுக்கு இன்னும் ரெண்டு சேத்துக்கோங்க, அவ்வளவுதான். ஊட்டி 2200 மீட்டருக்கு மேல இருக்கு, மே மாசத்துலயும் வேர்க்காது, அதனால ஒரு பேண்ட்டை ரெண்டு நாள் தாராளமா போடலாம். ஜீன்ஸ் ரெண்டுக்கு மேல வேண்டவே வேண்டாம், கனம், நனைஞ்சா அந்தக் குளிர்ல காயாது.

சென்னைல வேர்வைல நின்னுட்டு பேக் பண்றதால ஸ்வெட்டர் எடுக்க மனசே வராது, ஆனா ராத்திரி பத்து பன்னெண்டு டிகிரிக்கு இறங்கிடும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், காது மூடுற குல்லா, ரெண்டு ஜோடி சாக்ஸ். கோடை மழையும் திடீர்னு பிடிக்கும், குடையோ ரெயின்கோட்டோ வச்சுக்கோங்க. ஸ்வெட்டர் பெட்டிக்கு அடியில போகக் கூடாது, காரணம் அடுத்த பதில்ல இருக்கு.

ஒரே பெரிய பெட்டியா எடுத்துக்கலாமா இல்ல ஆளுக்கு ஒரு பையா?

ரெண்டும் இல்ல, ரெண்டு பேருக்கு ஒரு நடுத்தரப் பெட்டி. ஒரே பெரிய பெட்டின்னா ஒருத்தர் தூக்க முடியாது, சின்னவனோட ஒரு ஜட்டிக்காக மொத்தத்தையும் கலைக்கணும். ஆளுக்கு ஒண்ணுன்னா பிளாட்ஃபாரத்துல ஆறு பைய எண்ணிட்டே நிக்கணும். எடைய பொறுத்தவரை ஸ்லீப்பர்லயும் தேர்ட் ஏசிலயும் ஒருத்தருக்கு 40 கிலோ வரைக்கும் அனுமதி, குடும்பத்துக்கு அது தாராளம். இடம்தான் பிரச்சனை. பெர்த்துக்கு அடியில போகாத உயரமான டிராலி வாங்கினா ராத்திரி பூரா கால் நீட்ட முடியாம நடைபாதைல நிக்கும்.

துணிய ஆள் வாரியா அடுக்காம நாள் வாரியா அடுக்குங்க. முதல் நாளுக்கு ரெண்டு பசங்களோட சட்டை, பேண்ட், உள்ளாடை, சாக்ஸ் எல்லாம் சேத்து ஒரு துணிப்பை, ரெண்டாவது நாளுக்கு இன்னொண்ணு. பழைய தலகாணி உறையே போதும், இதுக்குன்னு காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். காலைல ஒரு உறைய எடுத்துக் கொடுத்தா அப்பாவே பசங்கள ரெடி பண்ணிடுவார், "அவன் பனியன் எங்க"ங்கிற கேள்வியே வராது.

இது போக ஒரு கைப்பை தனியா இருக்கணும், வழியில தேவைப்படுறது எல்லாம் அதுல. ராத்திரி 9 மணி வாக்குல சென்ட்ரல்ல ஏறி காலைல 6 மணி தாண்டி மேட்டுப்பாளையத்துல இறங்குற வரைக்கும் பெரிய பெட்டிய திறக்கவே கூடாதுன்னு வச்சுக்கோங்க. பிரஷ், துண்டு, ஒரு செட் பசங்க டிரஸ், மாத்திரை, தண்ணி, டார்ச், அப்புறம் எல்லாரோட ஸ்வெட்டரும். மேல ஏற ஏற பாதி வழிலயே குளிர ஆரம்பிக்கும், அப்போ பெட்டி எங்கயோ அடியில மாட்டிருக்கும்.

பசங்களையே பேக் பண்ண விடலாமா? கண்டதையும் வைப்பாங்களே?

விடுங்க. எட்டு வயசுப் பொண்ணுக்கு லிஸ்ட்ட கொடுத்தா அவளே எடுத்து கட்டில் மேல வைப்பா, நீங்க பாத்துட்டு பெட்டிக்குள்ள போடுங்க. சின்னவனுக்கு அவன் ஸ்கூல் பை. அதுல என்ன வேணா வச்சுக்கலாம், ஆனா அவன்தான் தூக்கணும்னு ஒரே ஒரு விதி. முதுகுல மாட்டிட்டு ஹாலை ரெண்டு சுத்து நடக்கச் சொல்லுங்க, அவனே பாதிய இறக்கி வச்சிடுவான்.

சத்தம் போடுற பொம்மையும் சின்னச் சின்ன பாகமா இருக்குற பொம்மையும் ரயிலுக்கு ஆகாது. கலர் பென்சில், ஒரு நோட்டு, ஒரு சீட்டுக்கட்டு போதும்.

மாமாவுக்கு பிபி, சுகர், மாமிக்கு முட்டி வலி. மருந்தெல்லாம் எப்படி எடுத்துட்டுப் போறது?

நாள் கணக்குக்கு மேல மூணு நாளைக்கு அதிகமா வாங்கி வைங்க. அதை ரெண்டாப் பிரிச்சு பாதி கைப்பைல, பாதி வேற ஒருத்தர் பைல, ஒரு பை தொலைஞ்சாலும் அன்னிக்கு ராத்திரி மாத்திரை நிக்கக் கூடாது. மாத்திரைய அட்டைல இருந்து பிரிச்சு டப்பால போடாதீங்க, பேரும் காலாவதித் தேதியும் அட்டைலதான் இருக்கு. டாக்டர் சீட்டை போட்டோ எடுத்து ரெண்டு பேர் மொபைல்ல வைங்க.

இன்சுலின் போடுறவங்கன்னா பிரிச்சு உபயோகத்துல இருக்குற பேனா ரூம் டெம்பரேச்சர்ல சில வாரம் தாங்கும், எத்தனை நாள்னு அதோட அட்டைலயே போட்டிருக்கும். வெயில்ல நிக்கிற காருக்குள்ள வைக்கவே கூடாது, ஐஸ் மேல நேரா வைக்கவும் கூடாது, உறைஞ்சு போன இன்சுலின் கெட்டுப் போனதுதான். சுகர் இருக்குறவங்க கையிலயே நாலு சர்க்கரை மிட்டாயும் பிஸ்கட்டும் இருக்கணும், பயணத்துல சாப்பாடு நேரம் தள்ளிப் போகும், சுகர் இறங்கிட்டா மேல் பெர்த்ல ஏறி பையத் தேட நேரம் இருக்காது. எல்லாருக்கும் பொதுவா பாராசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட், பேண்டேஜ், வலித் தைலம். குழந்தைக்கு காய்ச்சல் சிரப் அவன் எடைக்கு எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட கேட்டு பாட்டில் மேலயே எழுதி ஒட்டிடுங்க.

ரயிலுக்கு என்ன சாப்பாடு கட்டுறது? கெட்டுப் போகாம இருக்கணும்

ராத்திரிக்கு இட்லி. ஆற வச்சு ரெண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழை இலைல கட்டுங்க, சட்னி வேண்டாம், தேங்காய் அந்த வெயில்ல சீக்கிரம் ஊசிப் போயிடும். பசங்களுக்கு காரம் ஆகலன்னா பொடி தடவாம சர்க்கரை தொட்டுச் சாப்பிடட்டும். அடுத்த நாள் காலைக்கு புளியோதரை, அதுக்கு மேல எது கட்டினாலும் பயந்துட்டேதான் திறக்கணும். தயிர் சாதம் கட்டியே ஆகணும்னா சாதத்துல நிறைய ஆறின பாலும் ஒரு ஸ்பூன் தயிரும் விட்டுப் பிசைஞ்சுக்கோங்க, போகப் போக அதுவே தயிராகும், புளிக்காது. சூடா எதையும் மூடாதீங்க, ஆவி இறங்கினா அதுதான் முதல்ல கெடும்.

காலைச் சாப்பாட்ட லேசா நினைக்காதீங்க, பொம்மை ரயில்ல போறவங்களுக்கு அது ரொம்ப முக்கியம். மேட்டுப்பாளையத்துல காலைல 7.10-க்கு கிளம்பி 46 கிலோமீட்டர் ஏற கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், ஊட்டி போய்ச் சேர மதியம் ஆயிடும். அந்தப் பெட்டிக்குள்ள டாய்லெட் கிடையாது, நடுவுல நிக்கிற ஸ்டேஷன்லதான் இறங்கணும். ஏறுறதுக்கு முன்ன பசங்க, பெரியவங்க எல்லாரையும் ஒரு தடவை போயிட்டு வரச் சொல்லிடுங்க. பெரிய பெட்டி வைக்கவும் அதுல இடம் ரொம்பக் கம்மி, மேல சொன்ன நடுத்தரப் பெட்டிதான் அங்கயும் கை கொடுக்கும்.

இ-பாஸ் எல்லாருக்கும் வேணுமா? பிளாஸ்டிக் பாட்டில் பிடுங்குறாங்களாமே?

இ-பாஸ், அதாவது மலை ஏற ஆன்லைன்ல எடுக்குற அனுமதி, வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்ல. ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7-ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது, 2025 சீசன்ல ஊட்டிக்கு வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறுல 8000 வண்டின்னு எண்ணிக்கையும் வச்சாங்க. ரயில்லயோ அரசு பஸ்லயோ போனா வேண்டாம். சொந்தக் கார்ல போறவங்க தேதி முடிவானதுமே எடுத்துடுங்க, கடைசி நிமிஷம்னா சனி ஞாயிறு கிடைக்காம போகும். மேட்டுப்பாளையத்துல டாக்சி பிடிக்கிறவங்க டிரைவர்கிட்ட பாஸ் இருக்கான்னு ஏறுறதுக்கு முன்னாடியே கேளுங்க, நீலகிரி பதிவு எண் டிஎன் 43 வண்டிக்கு மட்டும் விலக்கு. கோர்ட் விஷயம் வருஷா வருஷம் மாறும், கிளம்புற மாசம் ஒரு தடவை பாத்துக்கோங்க.

பிளாஸ்டிக் பிடுங்குறது நிஜம்தான், அப்படிப் பிடுங்க வேண்டியதும்தான். தண்ணி பாட்டில், கேரி பேக், ஒரு தடவை போட்டுத் தூக்கிப் போடுற தட்டு டம்ளர் எல்லாம் நீலகிரில தடை, செக்போஸ்ட்ல பையத் திறந்து பாப்பாங்க, அபராதமும் உண்டு. அந்தக் காட்டு ஓரத்துல யானையும் மானும் பிளாஸ்டிக்கைத் தின்னு சாகுது, நம்ம அஞ்சு நிமிஷ சௌகரியத்துக்கு அது வேண்டாம். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில், நாலு துணிப்பை, சாப்பாட்டுக்கு சம்படம். தண்ணி தீர்ந்தா வாட்டர் ஏடிஎம்ல பிடிச்சுக்கலாம்.

பெரியவ மலை ஏறினாலே வாந்தி எடுப்பா, என்ன பண்ண?

மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்ல 14 கொண்டை ஊசி வளைவு. வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டச் சாப்பிடுறதும் ஆகாது, ஒரு மணி நேரம் முன்ன ரெண்டு இட்லி அளவுக்கு போதும். பஸ்ஸுனா முன் பக்கம் ஜன்னல் ஓரம், மொபைல் பாக்கக் கூடாது, தூரத்துல பாக்கணும். டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரை வாங்கி வச்சிருந்தா ஏறுறதுக்கு அரை மணி ஒரு மணி நேரம் முன்னயே கொடுத்துடணும், ஆரம்பிச்ச அப்புறம் கொடுத்தா அதுவும் வெளியதான் வரும். காகிதப் பை, ஈரத் துணி, ஒரு எலுமிச்சம்பழம், மாத்துச் சட்டை இதெல்லாம் கைப்பைல மேலாப்புல இருக்கட்டும். வண்டி மெதுவா போறதால பொம்மை ரயில்ல இவங்களுக்கு தொந்தரவு கம்மி.

ஒரிஜினல் ஆதார் எடுக்கணுமா? தொலைஞ்சிட்டா?

ஒரே டிக்கெட்ல போற எல்லாருக்கும் வேண்டாம், யாராவது ஒருத்தரோட ஒரிஜினல் அடையாள அட்டை போதும். டிஜிலாக்கர்ல இறக்கின ஆதாரும் ரயில்ல செல்லும். ஆனா ஹோட்டல்ல பெரியவங்க எல்லாரோடதும் கேப்பாங்க. தாத்தா பாட்டிய தனி டிக்கெட்ல போட்டிருந்தீங்கன்னா அவங்க கையிலயும் ஒண்ணு கட்டாயம்.

அட்டைங்க, டிக்கெட் பிரிண்ட், ரூம் புக்கிங், கொஞ்சம் பணம் எல்லாம் ஒரே கவர்ல, ஒரே ஆள்கிட்ட. பணத்த மட்டும் ரெண்டு பேர்கிட்ட பிரிச்சு வைங்க, மலைல சில இடத்துல சிக்னல் இல்லாம ஜிபே வேலை செய்யாது.

வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்புறதுக்கு முன்ன என்னென்ன பாக்கணும்?

இதுக்கும் தனித் தாள், கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. சிலிண்டர் ரெகுலேட்டர் ஆஃப், எல்லாக் குழாயும் மூடினது, மோட்டார் சுவிட்ச், கீசர், அயர்ன் பாக்ஸ், சாமி விளக்கு. நாலு நாள்தான்னா மெயின ஆஃப் பண்ணாதீங்க, ஃபிரிட்ஜ் ஓடட்டும், மீதி மாவு, பால், கீரை மட்டும் முதல் நாளே தீர்த்துடுங்க. குப்பைய கட்டாயம் வெளிய போடணும். கரண்ட் பில் கடைசித் தேதி நடுவுல வருதான்னு பாருங்க. பால்காரர், பேப்பர்காரர்கிட்ட சொல்லுங்க, வாசல்ல பேப்பர் சேந்தாலே ஆள் இல்லன்னு தெரிஞ்சிடும், போற படத்த எல்லாம் ஸ்டேட்டஸ்ல போடுறதும் அதே மாதிரிதான், வந்து போட்டுக்கோங்க. பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லிட்டுப் போனா ரோந்துல பாப்பாங்க. சாவி ஒண்ணு நம்பிக்கையான வீட்ல.

டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கு, பேக் பண்ணலாமா வேண்டாமா?

பண்ணுங்க, கூடவே மாத்து வழியும் பிடிச்சு வைங்க. கிளம்புறதுக்கு முன்ன ரயில்வே போடுற கடைசி சீட் பட்டியல், அதான் சார்ட், போட்ட அப்புறமும் எல்லாரும் வெயிட்டிங்லயே இருந்தா ஆன்லைன் டிக்கெட் தானா கேன்சல் ஆகி பணம் திரும்பிடும், அதை வச்சு ஏற முடியாது. ஆர்ஏசி ஆச்சுன்னா ஏறலாம், ரெண்டு பேருக்கு ஒரு சைடு பெர்த். தத்கால்னு சொல்ற கடைசி நேர புக்கிங் முந்தின நாள் திறக்கும், ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி, ஆனா ஆறு பேருக்கு அத நம்பி இருக்காதீங்க, ஒரே டிக்கெட்ல நாலு பேருக்கு மேல போட முடியாது. அரசு விரைவு பஸ்ல சீட் இருக்கும்போதே ரிசர்வ் பண்ணி வச்சு, ரயில் கன்ஃபர்ம் ஆனா கேன்சல் பண்ணுங்க, கொஞ்சம் பணம் போகும், போகட்டும். பஸ்ல கால் வைக்க இடம் கம்மி, சாப்பாட்டுப் பை சின்னதா இருக்கணும்.

கரெக்டா அந்த வாரம்தான் எனக்கு டேட் வருது, தள்ளிப் போட மாத்திரை போடலாமா?

இத நிறைய பேர் தயங்கித் தயங்கிக் கேக்குறாங்க, தயங்க வேண்டியதே இல்ல. மெடிக்கல்ல நேரா வாங்கிப் போடாதீங்க. ரத்தம் உறையுற பிரச்சனை, மைக்ரேன், ஈரல் கோளாறு மாதிரி சில பேருக்கு அது ஆகாது, டாக்டர்தான் முடிவு பண்ணணும். வழக்கமா டேட்டுக்கு மூணு நாள் முன்னாடியே ஆரம்பிக்க வேண்டியிருக்கும், அதனால கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்ன போய்க் கேளுங்க.

மாத்திரை வேண்டாம்னு முடிவு பண்ணா பேட், பேப்பர் கவர், அடர் கலர் உடுப்பு ஒண்ணு, சுடுதண்ணிப் பை எல்லாம் ஒரு சின்னப் பைல போட்டு கைப்பைக்குள்ள வைங்க. வயசுக்கு வந்த பொண்ணு கூட வந்தா அவளுக்கும் தனியா ஒண்ணு, தேதி இல்லன்னாலும். பயணத்துல நாள் முன்ன பின்ன ஆகும்.

நாத்தனார் குடும்பமும் கூட வருது. யார் எதை எடுத்துட்டு வரதுன்னு சண்டை வராம எப்படி?

பொதுப் பொருள் தனி லிஸ்ட், ஒவ்வொண்ணுக்கும் எந்த வீடுன்னு பேர் போடுங்க, கெட்டில் ஒரு வீடு, முதலுதவிப் பெட்டி இன்னொரு வீடு. இல்லன்னா ரெண்டு கெட்டில் வரும், ஒரு கத்தி கூட வராது. பணத்துக்கு கிளம்புறதுக்கு முன்னாடியே ரெண்டு வீடும் சமமா ஒரு தொகை போட்டு பொதுப் பர்ஸ், ரூம், வண்டி, சாப்பாடு எல்லாம் அதுல இருந்து, ஷாப்பிங் அவங்கவங்க காசு. ஆள் கணக்கு ரொம்ப வித்தியாசமா இருந்தா சாப்பாட்டுக்கு மட்டும் தலைக்கு இவ்வளவுன்னு பிரிச்சுக்கோங்க. பெரியவங்க முன்னாடியே உக்காந்து பேசிடுங்க, ஊட்டி ஓட்டல்ல பில் வந்த அப்புறம் பேசுற பேச்சு தீபாவளி வரைக்கும் நீளும்.

திரும்பி வரும்போது மட்டும் பெட்டி மூட மாட்டேங்குதே, ஏன்?

போகும்போது மடிச்சது வரும்போது சுருட்டினது, அதோட வர்க்கி, சாக்லேட், டீத்தூள், தைலம். போகும்போதே ஒரு காலி துணிப்பைய மடிச்சு பெட்டி அடியில போட்டு வைங்க, வாங்குறதெல்லாம் அதுல வரட்டும். வர்க்கி அழுத்தினா தூளாகிடும், சாப்பாடு கொண்டு போன சம்படம் இப்போ காலியாத்தான இருக்கும், அதுல அடுக்குங்க. யூகலிப்டஸ் தைலம் துணி கூட போகவே கூடாது, மூடிய இறுக்கி ஒரு டப்பால போட்டு நிமித்தி வைங்க, கசிஞ்சா அந்த வாசனை எத்தனை தடவை துவைச்சாலும் போகாது.

அழுக்குத் துணிய தினமும் ராத்திரி அந்தந்த நாளோட தலகாணி உறைலயே திரும்பப் போட்டுட்டு வந்தீங்கன்னா வீட்டுக்கு வந்ததும் உறையோட வாஷிங் மெஷின் பக்கத்துல வச்சிடலாம், பிரிச்சு எடுக்குற வேலை இல்ல. ஈரத்துணி மட்டும் தனியா, பொம்மை ரயில்ல இறங்கும்போது நனைஞ்ச சாக்ஸ் ஒண்ணு இருந்தாலே மத்ததெல்லாம் முடை நாத்தம் அடிக்க ஆரம்பிச்சிடும்.